திருமுகங்களை முழுமையாகப் படிப்போம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னிக் கிறிஸ்தவ ஆலயங்களில் ஞாயிறுதோறும் வாசிக்கப்படும் விவிலியத் திருமுகங்கள் (மடல்கள்) யாருக்கு, எந்த நிலையில் எழுதப்பட்டன என்பதை அறியாமலே நம்மிற் பலர் கேட்டுக் கடந்துவிடுகிறோம். திருத்தூதர் பவுல் தெசலோனிக்கருக்கு, அதாவது தெசலோனிக்கா நகரின் கிறிஸ்தவர்களுக்கு, எழுதிய முதல் திருமுகம், கி.பி. 50ஆம் ஆண்டளவில், நற்செய்தி நூல்களுக்கும் முன்னரே எழுதப்பட்டது என்பது அறிஞர் பலரின் கருத்து. துன்புறுத்தலுக்கு ஆளாகியிருந்த அந்தச் சிறு சபையினர், ஆண்டவர் இயேசுவின் மறுவருகைக்கு முன்னரே இறந்துவிட்ட தம்மவரின் நிலை என்னவாகும் என்று கலங்கியிருந்தனர்; பவுலோ அவர்களை அழவேண்டாம் எனத் தடுக்காமல், எதிர்நோக்கு இல்லாதவர்களைப்போலத் துயருறவேண்டாம் என்றே எழுதினார். 2009இல் போரின் இறுதியில் உறவுகளை இழந்தும், காணாமலாக்கப்பட்டோரை இன்றுவரை தேடியும் வாழும் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் குடும்பங்களுக்கு இவ்வேறுபாடு எத்துணை பெரிது! விரைந்து தேற்றிவிட முனையும் நம் மறையுரைகள் இதனைக் கவனிக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இத்திருமுகத்தைச் சகோதரர் அனைவருக்கும் வாசித்துக் காட்டுமாறு பவுலே இறுதியில் ஆணையிட்டுக் கேட்கிறார். ஐந்தே அதிகாரங்கள்தாம். மடு மாதா திருவிழாவுக்கு முந்திய வாரங்களிலாவது, பங்குகளும் சபைகளும் இளையோரையும் முதியோரையும் ஒன்றாக அமர்த்தி, இதனை ஒரே அமர்வில் முழுமையாக வாசித்து, அக்கால வரலாற்றோடு சேர்த்துக் கலந்துரையாட ஒழுங்குசெய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர்,
கிளிநொச்சி.