வாடிக்கையாளர் பாஸ்வேர்டுக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள்: இணையதள நிறுவன உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வாடிக்கையாளர்களுக்கு இணையதளம் செய்துகொடுத்துப் பராமரித்தும் வரும் சிறு நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கு, வணக்கம்.

சர்வர் பராமரிப்பில் இருக்கும் நாங்கள் இதை உங்கள் டெவலப்பர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. இரவில் தளத்தைத் தானாக நகலெடுக்கும் பேக்கப் ஸ்கிரிப்ட்டில் (கட்டளைகள் எழுதிய கோப்பு) டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அப்படியே எழுதப்பட்டிருந்தால், அதை வேறெங்கே வைப்பது என்று அலுவலகத்தில் யாரும் முடிவு செய்யவில்லை என்றுதான் பொருள். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் நீங்கள்.

தளத்தை இயக்கும் நிரல் மொழியான பிஎச்பியில் எழுதிய கோப்புக்குள் இருப்பது வெளியே தெரியாது என்று பலர் நம்புகிறார்கள். சர்வர் அந்தக் கோப்பை இயக்கி விளைவை மட்டும் அனுப்பும்வரை அது சரி. அவசரத் திருத்தத்துக்கு முன் யாராவது, தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸின் கான்ஃபிக் கோப்பை (டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் அமைப்புக் கோப்பு) ‘.பேக்’ என்று முடியும் பெயரில் நகலெடுத்தால் கதை மாறிவிடும். பெயர் பிஎச்பி என்று முடியாததால் சர்வர் அதை இயக்காமல், கேட்பவருக்கெல்லாம் வெறும் எழுத்தாகக் கொடுத்துவிடும். விம் எடிட்டர் விட்டுச்செல்லும் ஸ்வாப் கோப்பு (தற்காலிக நகல்), பொதுக் கோப்புறையில் கிடக்கும் ‘.கிட்’ கோப்புறை (நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட் மென்பொருளுடையது), பாஸ்வேர்டு போன்ற அமைப்புகளை வைக்கும் ‘.என்வ்’ கோப்பு எல்லாம் இதே ரகம். எந்தத் தளத்தின் ஆக்சஸ் லாக்கை (யார் எதைக் கேட்டார்கள் என்ற பதிவு) திறந்தாலும் இந்தப் பெயர்களைத் தேடி வந்த ஸ்கேனர்களின் தடம் இருக்கும்.

ஆகவே பாஸ்வேர்டு கோப்பு, இணையத்தில் எவரும் எட்டக்கூடிய பொதுக் கோப்புறையான பப்ளிக்_எச்டிஎம்எல்-க்கு வெளியே, ஹோம் டைரக்டரியில் தனிக் கோப்புறையில் இருக்கட்டும். கோப்புறைக்கு 700, கோப்புக்கு 600 அனுமதி, அதாவது உரிமையாளரான யூசர் மட்டுமே திறக்கலாம். பிஎச்பி வேறொரு யூசர் பெயரில் ஓடும் சர்வரில் 600 வைத்தால் தளமே திறக்காது. அங்கே குரூப்பும் படிக்கும்படி கோப்புறைக்கு 750, கோப்புக்கு 640 கொடுத்து, குரூப்பை அந்த யூசரின் குரூப்பாக மாற்ற வேண்டும். வேர்ட்பிரஸ் தன் கான்ஃபிக் கோப்பு இருக்கவேண்டிய இடத்தில் இல்லையென்றால் ஒரு படி மேலே தேடும். ஆனால் தளம் பப்ளிக்_எச்டிஎம்எல்-க்குள் ஒரு துணைக் கோப்புறையில் இருந்தால், ஒரு படி மேலே என்பதும் பொதுவெளிதான். பலர் வழுக்கும் இடம் இது.

பேக்கப் ஸ்கிரிப்ட்டுக்கு வருவோம். டேட்டாபேஸை நகலெடுக்கும் மைஎஸ்கியூஎல்-டம்ப் கட்டளை வரியிலேயே பாஸ்வேர்டைக் கொடுத்தால், அதே சர்வரில் ஓடும் வேலைகளைக் காட்டும் பிஎஸ் கட்டளை அடிக்கும் இன்னொருவர் கண்ணில் அது படக்கூடும். கையால் அடித்தால், அடித்த கட்டளைகளைச் சேமிக்கும் ஷெல் ஹிஸ்டரியிலும் தங்கும். யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் ‘கிளையன்ட்’ என்ற பகுதித் தலைப்பின்கீழ் ஒரு 600 கோப்பில் எழுதி, டிஃபால்ட்ஸ்-எக்ஸ்ட்ரா-ஃபைல் என்ற ஆப்ஷனால் அழையுங்கள். இந்த ஆப்ஷன் வரியில் முதலாவதாக வர வேண்டும், இல்லையேல் பிழை காட்டி நின்றுவிடும்.

பேக்கப்புக்கென்று தனி டேட்டாபேஸ் யூசர் வேண்டும். செலக்ட், ஷோ வியூ, ட்ரிகர், லாக் டேபிள்ஸ் ஆகிய 4 உரிமைகள் பெரும்பாலும் போதும். மைஎஸ்கியூஎல் 8.0.21 முதல் ப்ராசெஸ் உரிமை இல்லை என்று ஒரு பிழை வரும். உடனே எல்லா உரிமையும் உள்ள ரூட் யூசரின் பாஸ்வேர்டைத் தூக்கிப் போடுகிறார்கள். ஒரு தளத்தின் பேக்கப்புக்காக எல்லாத் தளங்களின் சாவியையும் கொடுக்கும் வேலை அது. நோ-டேபிள்ஸ்பேசஸ் என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் அந்தப் பிழை போய்விடும்.

பதிவுகளைத் தானாக ஏற்றும் ஸ்கிரிப்ட்டுக்கு அட்மின் பாஸ்வேர்டு எதற்கு? வேர்ட்பிரஸ் 5.6 முதல் அப்ளிகேஷன் பாஸ்வேர்டு (ஸ்கிரிப்ட் போன்றவற்றுக்கென்றே எடுக்கும் தனிப் பாஸ்வேர்டு) வசதி இருக்கிறது. ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டுக்கும் ஒன்று எடுத்தால், வேண்டிய ஒன்றை மட்டும் ரத்து செய்யலாம். எந்த யூசர் கணக்கில் எடுக்கிறோமோ அந்தக் கணக்கின் உரிமைகள் முழுவதும் அந்தப் பாஸ்வேர்டுக்கும் கிடைக்கும் என்பதால் அட்மின் கணக்கில் எடுக்காமல், ஆத்தர் அல்லது எடிட்டர் கணக்கில் எடுங்கள். ரேசர்பே போன்ற பேமென்ட் சேவைகளில் கீ ஐடி (அடையாள எண்) பிரவுசருக்குப் போகலாம். கீ சீக்ரெட் (ரகசியச் சாவி) ஒருபோதும் பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டில் வரக்கூடாது.

கிட்டில் பாஸ்வேர்டு ஏறிவிட்டால், அடுத்த கமிட்டில் (கிட்டில் சேமிக்கும் ஒவ்வொரு மாற்றப் பதிவு) அழிப்பதால் பயனில்லை. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஹிஸ்டரியைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகு. வேர்ட்பிரஸ் கான்ஃபிக் கோப்பே வெளியானால், அதிலுள்ள கீ, சால்ட் எனப்படும் 8 ரகசிய வரிகளையும் (லாகின் குக்கீகளைப் பாதுகாப்பவை) மாற்றியாக வேண்டும். மாற்றியதும் உள்ளே இருக்கும் எல்லோரும் லாக்-அவுட் ஆவார்கள். வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உங்களிடம் எங்கள் முதல் கோரிக்கை ஒரு பதிவேடு. பாஸ்வேர்டுகளை அதில் எழுத வேண்டாம். அவை பாஸ்வேர்டு மேனேஜரில் இருக்கட்டும். எந்த வாடிக்கையாளரின் எந்த ஸ்கிரிப்ட், எந்த யூசரை, எந்தச் சர்வரில் பயன்படுத்துகிறது, கடைசியாக எப்போது மாற்றினோம் என்பது மட்டும் போதும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, அதில் பட்டியலிட்ட சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எது எங்கே இருக்கிறது என்றே தெரியாத அலுவலகத்தால் அந்த நேரத்தில் என்ன சொல்ல முடியும்? ஓர் ஊழியர் வேலையை விட்டுப் போகும் நாளிலும் இதே பதிவேட்டைத் திறந்து, அவர் தொட்ட ஒவ்வொரு வரிக்கும் பாஸ்வேர்டை மாற்றி, தேதி போடுங்கள்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியில் இருப்போர்