ஒப்பிப்பது வேறு, பேசுவது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்நிலை வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் கவிதையை அலசுவதையும் எழுந்து நின்று பேசுவதையும் சேர்த்தே கற்றுத்தர வேண்டும். காட்டில் பிரியும் இரண்டு பாதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவரைப் பற்றிய, அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டின் 'தி ரோட் நாட் டேக்கன்' கவிதை 1915-இல் வெளிவந்தது. துணிந்து புதுப்பாதையில் போ என்பதே அதன் கருத்து என்று நோட்ஸில் உள்ளதை மாணவர்கள் ஒப்பிக்கிறார்கள். ஆனால் இரண்டு பாதைகளும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருந்தன என்று கவிதையே சொல்கிறது! என் வகுப்பில் ஒரு மாணவி கையிலிருந்த தாளை மடித்து வைத்துவிட்டு, "அப்புறம் ஏன் கவிஞர், அதிகம் பேர் போகாத பாதையில் போனேன் என்று பிற்காலத்தில் பெருமூச்சோடு சொல்வேன் என்கிறார்?" என்று கேட்டாள். மணி அடித்தும் விவாதம் ஓயவில்லை. இப்படிப் பேசும்போது உச்சரிப்புப் பிழைக்காக நடுவில் நிறுத்தாதீர்கள். முதலில் பேசி முடிக்கட்டும். மதிப்பெண்ணில் பாதியையாவது, கவிதை வரியைக் காட்டிக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கு ஒதுக்குங்கள்.

— ஓர் ஆங்கில ஆசிரியை