கதவைச் சாத்திவிட்டுப் போன அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். எழுதவில்லை. ஆனால் இந்த நன்றியை எழுதாமல் இருக்க எங்களால் முடியவில்லை.

அன்றிரவு எங்கள் பட்டறையில் தீப்பிடித்தது இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். அதற்கு நடுவே நீங்கள் செய்த ஒரு காரியம்தான் பலருக்குத் தெரியாது. பட்டறைக்கும் மாடிப்படிக்கும் நடுவிலிருந்த கதவு எந்நேரமும் திறந்தே கிடக்க நாங்கள் ஒரு மர ஆப்பு வைத்திருந்தோம். நீங்கள் அதைக் காலால் தட்டிவிட்டு, கதவை இழுத்துச் சாத்தினீர்கள். பூட்டின் நாக்கு உள்ளே விழுந்ததா என்று ஒருமுறை தள்ளிப் பார்த்தீர்கள். சாவி போடவில்லை. அதற்குப் பிறகுதான் மேல் வீட்டாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். எல்லாம் சேர்ந்து மூன்று வினாடி இருக்குமா?

அந்தக் கதவை மறுநாள் கழற்றி வெயிலில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். பட்டறைப் பக்கம் முழுக்கக் கரி. படிக்கட்டுப் பக்கம் வண்ணம்கூட உரியவில்லை. அதில் ஒட்டியிருந்த அறிவிப்புத் தாள் அப்படியே இருந்தது. கரியைச் சுரண்டி ஆழத்தை அளந்தால் 9 மில்லிமீட்டர். மரம் நெருப்பில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் கரியும் என்பது கட்டடப் பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. அந்தக் கணக்குப்படி கதவு தாங்கியது 12, 13 நிமிடம். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை எழுப்பி, பெரியவர்களைக் கைத்தாங்கலாக இறக்கி, ஆள் எண்ணி முடிக்க அந்த நேரம் போதுமானதாக இருந்தது. அது 35 மில்லிமீட்டர் கெட்டி மரக்கதவு. உள்ளே அட்டைக் கூடு வைத்த மெல்லிய கதவாக இருந்திருந்தால் இந்தக் கணக்கு வேறு. ஆனாலும் சாத்திய மெல்லிய கதவு, திறந்து கிடக்கும் கெட்டிக் கதவைவிட மேல்.

கதவு நெருப்பை மட்டும் தடுக்கவில்லை. நெருப்புக்குக் காற்று போவதையும் குறைத்தது. காற்றில் பிராணவாயு 21 சதவீதம். அது 15, 16 சதவீதத்துக்கு இறங்கினாலே சுவாலை திணறத் தொடங்கும். கதவு திறந்திருந்தால் கீழ்ப்பக்கமாகப் புதுக்காற்று உள்ளே போகும், மேல்பக்கமாகச் சூடான புகை வெளியே வரும். அதற்குப் பக்கத்திலேயே படிக்கட்டு இருந்தால் அது புகைபோக்கியாகிவிடும். நுரை மெத்தையும் பிளாஸ்டிக்கும் நிறைந்த ஓர் அறை 5 நிமிடத்துக்குள் மொத்தமாகப் பற்றிக்கொள்ளக் கூடும். அமெரிக்கத் தீப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வீடுகளைக் கட்டி எரித்துப் பார்த்த சோதனைகளில், கதவு திறந்திருந்த அறை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியபோது, கதவு சாத்திய அறை 40 டிகிரிக்குள் இருந்திருக்கிறது. மேல்மாடி அறைகளில் எங்கள் பிள்ளைகள் இருந்தார்கள் அக்கா. அதற்கு மேல் இந்த வரியை எழுத முடியவில்லை.

தள்ளிப் பார்த்தீர்களே, அதையும் சொல்ல வேண்டும். சூடேறிய காற்று விரிந்து கதவைத் தள்ளும். நாக்கு விழாமல் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும் கதவு அந்த அழுத்தத்தில் தானே திறந்துகொள்ளும். பிறகு ஒருவர் கணக்குப் புத்தகத்தை எடுக்கத் திரும்ப ஓடினார். நீங்கள் குறுக்கே நின்றீர்கள். கதவின் மேல்பகுதியில் புறங்கையை வைத்துப் பார்த்து, "சுடுது, திறக்காதே" என்றீர்கள். காற்றில்லாமல் அடங்கிக் கிடக்கும் அறையைத் திடீரெனத் திறந்தால், காத்திருந்த புகையே பற்றி வெடித்து வெளியே பாயலாம். இதெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, "யாரோ எப்பவோ சொன்னாங்க" என்றீர்கள். அந்த யாரோ ஒருவருக்கும் எங்கள் வணக்கம்.

ஆப்பு வைத்தது எங்கள் தவறு. சரக்கைத் தூக்கிக்கொண்டு போகும்போது கதவு முகத்தில் அடிக்கிறது என்று, கதவைத் தானாகச் சாத்த மேலே பொருத்தியிருந்த டோர் க்ளோசரையும் கழற்றிப் போட்டிருந்தோம். கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. க்ளோசரின் உடலில் இரண்டு சிறு திருகுகள் இருக்கும். ஒன்று கதவு வீசி வரும் வேகத்துக்கு, மற்றது கடைசி ஒரு சாண் தூரத்தில் நாக்கை அழுத்தி விழவைக்கும் வேகத்துக்கு. கால் சுற்று மட்டும் திருகி, பார்த்து, மறுபடி கால் சுற்று திருக வேண்டும். முழுவதுமாகத் திருகி வெளியே எடுத்தால் உள்ளிருக்கும் எண்ணெய் ஒழுகி க்ளோசரே வீணாகிவிடும். கதவை முழுக்கத் திறந்து விட்டுப் பாருங்கள். பிறகு நான்கு விரற்கடை மட்டும் திறந்து விட்டுப் பாருங்கள். இரண்டு முறையும் கை படாமல் நாக்கு விழ வேண்டும். பெரும்பாலான கதவுகள் இரண்டாவது சோதனையில்தான் தோற்கின்றன. கதவு திறந்தே இருந்தாக வேண்டிய இடமென்றால் அதற்கு மின்காந்தப் பிடி இருக்கிறது. அலாரம் அடித்தாலோ மின்சாரம் போனாலோ அது தானாகக் கதவை விட்டுவிடும்.

புதுக் கதவு 30 நிமிடம் தாங்கும் தீத்தடுப்புக் கதவு. மூன்று கீல்கள். பக்கங்களிலும் மேலேயும் இடைவெளி 3 மில்லிமீட்டர். ஓரத்துக் காடியில் பதித்திருக்கும் பட்டை சூட்டில் உப்பி அந்த இடைவெளியை அடைத்துவிடும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே முதலில் அடித்திருந்த சாதாரண நுரையைச் சுரண்டி எடுக்கச் சொன்னோம். அது எரியக்கூடியது, கதவு நின்றாலும் அந்தச் சந்து வழியே நெருப்பு போய்விடும். அங்கே இப்போது கல்லை உருக்கி இழையாக்கிய, எரியாத கனிமக் கம்பளி. கதவுக்கு மேலே ஒயர் போக விட்டிருந்த கட்டைவிரல் அளவு ஓட்டையும் அடைபட்டுவிட்டது. மேல்மாடிச் சுவரில் நாக்கு நீட்டியதுபோல் ஏறியிருந்த கறுப்புத் தடம் அந்த ஓட்டை வழியாக வந்ததுதான்.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும், ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஓடி வந்து தண்ணீர் ஊற்றப் போனவர்களைத் தடுத்து முதலில் மெயின் ஸ்விட்சை இறக்கிய அண்ணன். எரிவாயு உருளையின் வால்வை மூடி, எந்தப் பக்கம் வேறு உருளைகள் இருக்கின்றன என்று தீயணைப்பு வண்டி நின்ற அடுத்த கணமே சொன்ன பெரியவர். 6 கிலோ பொடித் தீயணைப்பான் 20 வினாடிகூட வராது என்று தெரிந்து, வெளியே போகும் வழியை முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டு அடித்து, அது தீர்ந்ததும் வீரம் காட்டாமல் வெளியே வந்த தம்பி. வண்டிகளை நகர்த்தித் தெருவைத் திறந்தவர்கள். விடியும்வரை நின்ற தீயணைப்பு வீரர்கள். ஒயர்களின் காப்புத்தடையை, அதாவது மேலுறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கிறதா என்பதை, அளந்து பார்க்காமல் மின் இணைப்புக் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்ற எலக்ட்ரீஷியன். பாடப்புத்தகமும் துணியும் கொண்டுவந்து கொடுத்த வீடுகள். உங்கள் ஒவ்வொருவருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

அக்கா, உங்களிடம் சில வாக்குகள் கொடுக்கிறோம். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியை இனி ஒருநாளும் சுருட்டி மூலையில் போட மாட்டோம். அந்த எண்ணெய் காயும்போது பிராணவாயுவை இழுத்துச் சூட்டைக் கக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். துணியைத் திறந்த வெளியில் ஒற்றை மடிப்பாக விரித்து விறைக்கும்வரை காயவைப்போம். அல்லது தண்ணீர் நிரப்பி மூடியிட்ட இரும்பு வாளியில் போடுவோம். நீட்டிப்புப் பலகையில் இன்னொரு நீட்டிப்புப் பலகையைச் செருக மாட்டோம். சுற்றி வைத்த கேபிளைச் சுற்றோடு பயன்படுத்த மாட்டோம். கருவிகளின் லித்தியம் பேட்டரிகளைப் படிக்கட்டுப் பக்கத்தில் இரவெல்லாம் சார்ஜில் விட மாட்டோம்.

வீடுகளிலும் இரவில் அறைக் கதவைச் சாத்தித்தான் தூங்குகிறோம். கதவு சாத்தினால் வெளியே அடிக்கும் அலாரம் கேட்காது என்று மேல் வீட்டுப் பாட்டி கேட்டது நியாயமான கேள்வி. அதனால் அறைக்கு ஒன்றாகப் புகை அலாரம் வைத்து, ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும்படி இணைத்திருக்கிறோம். எல்லாம் கூரையில், சுவரிலிருந்து 30 சென்டிமீட்டராவது தள்ளி. சமையலறையில் மட்டும் புகைக்குப் பதில் வெப்பத்தை அறியும் அலாரம். இல்லையென்றால் தாளிக்கும்போதெல்லாம் அலறி, எரிச்சலில் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பார்ப்பது பிள்ளைகளின் பொறுப்பு. 10 ஆண்டில் மொத்தமாக மாற்ற வேண்டும் என்பதால் மாற்ற வேண்டிய ஆண்டை ஒவ்வொன்றின் மேலும் எழுதி வைத்திருக்கிறோம்.

அந்த மர ஆப்பு தப்பிவிட்டது. நீங்கள் தட்டிவிட்டது படிக்கட்டுப் பக்கமாக விழுந்திருக்கிறது. அதை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறோம்.

வேலை முடிந்து அந்தப் பக்கம் வந்தால் புதுக் கதவை ஒருமுறை நீங்களே திறந்து விட்டுப் பாருங்கள் அக்கா. நாக்கு விழும் சத்தம் தெருவரைக்கும் கேட்கிறது.

நன்றியுடன்,
பட்டறைக்காரர்களும் மேல் வீட்டுக்காரர்களும்