பட்டி பார்க்கக் கற்றுக்கொடுப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவில்பட்டியில் 26 வருஷமாகப் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் ஒரு பெயிண்ட் கம்பெனி ‘பெயிண்டர் மீட்’ நடத்தியது. எழுபது பேர் வந்திருந்தார்கள். மேடையில் பெரிய திரை, புதுச் சரக்கைப் பற்றி ஒரு வீடியோ, அப்புறம் ஃபோனிலேயே பதில் சொல்லும் ஒரு வினாடி வினா, கடைசியில் பிரியாணி. போகும்போது எல்லோருக்கும் ஒரு சான்றிதழ். இருபது வயதுப் பையன் ஒருவன் அதைக் கையில் வாங்கியதுமே படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். பார்த்தேன். அவன் பெயர் சின்ன எழுத்தில் இருந்தது, கம்பெனி பெயர் அதைப்போல நாலு மடங்கு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன், வாழ்க்கையில் வாங்கிய முதல் சான்றிதழ் அதுதான் என்றான். அன்று நடந்தது வகுப்பா விளம்பரமா என்று இந்தக் கடிதத்தை எழுதும்வரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும்தான் என்று படுகிறது. சிக்கலும் அதில்தான் இருக்கிறது.

முன்பெல்லாம் டின்னுக்குள் டோக்கன் இருக்கும். பெயிண்டர் அதை எடுத்துக்கொண்டு வந்து கடையில் காசாக மாற்றிக்கொள்வார். வீட்டுக்காரர் பார்த்துவிட்டால் ‘என் காசில் வாங்கிய டின்னில் உனக்கென்ன டோக்கன்’ என்று சண்டை நடக்கும், பஞ்சாயத்து என் கடை வாசலுக்கு வரும். இப்போது டோக்கன் போய் க்யூஆர் கோடு வந்துவிட்டது. ஸ்கேன் செய்தால் ஆப்பில் பாயிண்ட் ஏறுகிறது, பாயிண்ட் பணமாகி வங்கிக்கணக்குக்குப் போகிறது. அதே ஆப்பில்தான் பாடமும் இருக்கிறது. மூணு நிமிஷ வீடியோ, நல்ல தமிழில். பார்த்து முடித்தால் அதற்கும் பாயிண்ட். யார் எந்த ஊரில் எதைப் பார்த்தார், எந்த இடத்தில் நிறுத்தினார், பார்த்த மாதத்தில் எத்தனை டின் ஸ்கேன் செய்தார் என்பதெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுகிறது. பெயிண்டர் பாடத்தைப் படிக்கிறார், பாடம் பெயிண்டரைப் படிக்கிறது.

கற்றுக்கொடுத்து விற்பது ஒன்றும் இந்த ஃபோன் காலத்துப் பழக்கம் இல்லை. அமெரிக்காவில் ஜான் டீர் என்கிற உழவுக்கருவிக் கம்பெனி 1895-லேயே ‘தி ஃபரோ’ என்று விவசாயிகளுக்காக ஒரு பத்திரிகை தொடங்கி, விவசாயம் சொல்லித்தந்தே கலப்பை விற்றது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்மூர்த் தெருக்களில் கம்ப்யூட்டர் சென்டர்கள் முளைத்த காலத்தை நினைத்துப் பாருங்கள், எல்லாப் பலகையிலும் ‘டேலி’ என்று எழுதியிருக்கும். டேலி ஒரு கம்பெனியின் சாஃப்ட்வேர். ஆனால் பி.காம் முடித்து வேலைக்கு வரும் பிள்ளையிடம் ‘கணக்கு எழுதத் தெரியுமா’ என்று யாரும் கேட்கவில்லை, ‘டேலி தெரியுமா’ என்றுதான் கேட்டார்கள். நானும் அப்படிக் கேட்டுத்தான் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தேன். நல்ல சாஃப்ட்வேர்தான், குறை சொல்லவில்லை. தொழிலின் பெயர் போய்ச் சரக்கின் பெயர் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டதைச் சொல்கிறேன்.

என் மகள் சென்னையில் ஒரு அலுவலகத்தில் விளம்பரப் பிரிவில் இருக்கிறாள். அவள் வேலைக்குக் கூகுள் ஆட்ஸ் சான்றிதழ் வேண்டும். பாடமும் தேர்வும் இலவசம். கூகுளில் எப்படி விளம்பரம் செய்வது என்பதைக் கூகுளே சொல்லித்தருகிறது, பின்னே காசு வாங்கவா செய்யும்? ஒரு வருஷத்தில் அது காலாவதியாகிவிடும், மறுபடி எழுத வேண்டும். அது போகட்டும், இன்னொன்று சொன்னாள், அதுதான் எனக்குச் சிரிப்பாக இருந்தது. அவர்கள் ஆபீஸ் பயிற்சிப் பிரிவே விளம்பரக் கம்பெனி மாதிரி ஆகிவிட்டதாம். ‘இன்னும் 2 நாள்தான்’ என்று மெயில், லிஃப்டில் போஸ்டர், முதலில் முடித்தவர்களுக்குக் கூப்பன், எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்று வாராவாரம் கணக்கு. இவள் என்ன செய்கிறாள்? சத்தத்தை அணைத்து வீடியோவை ஓடவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறாள். ஆபீஸ் கணக்கில் அவள் 100 சதவீதம் படித்து முடித்தவள்.

சரி, இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் எங்கள் பெயிண்டர்கள் இதில் நிஜமாகவே கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் மேஸ்திரியிடம் சேர்ந்தால் ரெண்டு வருஷம் வாளி தூக்க வேண்டும், எமரித் தாளால் சுவரைத் தேய்க்க வேண்டும். கலவை போடும்போது மேஸ்திரி ‘போய் டீ வாங்கிட்டு வா’ என்று அனுப்பிவிடுவார், தொழில் ரகசியம். இப்போது பட்டி, அதாவது சுவரை வழவழப்பாக்கப் பூசும் மாவு, எத்தனை கை பார்க்க வேண்டும், பெயிண்டுக்கு முன்னால் அடிக்கும் ப்ரைமருக்குத் தண்ணீர் எவ்வளவு என்று யார் வேண்டுமானாலும் மூணு நிமிஷத்தில் பார்த்துக்கொள்ளலாம். புதுச் சுவர் பூசி ஈரம் காயும் முன்னால், கிரகப்பிரவேசம் நெருங்குகிறதே என்று அடித்துவிட்டு, ரெண்டு மாதத்தில் உப்புப் பூத்துப் பொரிந்து வந்ததும் என் சட்டையைப் பிடித்தவர்கள் எத்தனையோ பேர். இப்போது சின்னப் பையன்களே வீட்டுக்காரரிடம் ‘சுவர் காயட்டும் சார், அவசரப்படாதீங்க’ என்கிறார்கள். அந்த ஒரு வீடியோவுக்கு நான் கம்பெனிக்குக் கும்பிடு போடுவேன்.

ஆனால் அந்த ஆப்பில் இல்லாத பாடங்களும் உண்டு. ஒன்று சொல்கிறேன். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு, மேல் இருக்கக்கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த கதவு, ஜன்னல், கிரில் எல்லாம் அப்படியே இருக்கின்றன, அவற்றில் எதில் எவ்வளவு ஈயம் என்று பார்த்துச் சொல்ல முடியாது. நம் ஆட்கள் அதைக் காய்ந்தபடியே சுரண்டி, எமரி தேய்த்து, ஊதித் தள்ளுகிறார்கள். அந்தத் தூசி மூக்கில் போகிறது, சட்டையோடு வீட்டுக்கும் போகிறது. அங்கே தவழும் பிள்ளை இருக்கும். ஈயம் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குத்தான் அதிகக் கெடுதல், மூளை வளர்ச்சியையே பாதிக்கும். நனைத்துச் சுரண்டு, நல்ல மாஸ்க் போடு, அழுக்குச் சட்டையைத் தனியாகத் துவை. இவ்வளவுதான் பாடம், ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் தண்ணீரையும் பழைய துணியையும் எந்தக் கம்பெனி விற்கிறது? அதனால் அந்த வீடியோவை நான் இதுவரை எந்த ஆப்பிலும் பார்க்கவில்லை. சாரத்தில் நிற்கும்போது இடுப்பில் கயிறு கட்டுவது, கூலிக்கு எஸ்டிமேட் போடுவது, இந்தச் சுவருக்குச் சுண்ணாம்பே போதும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லும் தைரியம், இதெல்லாமும் அப்படித்தான். அன்றைக்கு மண்டபத்தில் ஒரு வயதான மேஸ்திரி எழுந்து, “ரெண்டு கோட்டே போதும்ங்கிற வீடியோ எப்ப சார் வரும்?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கம்பெனிப் பிரதிநிதியும் சிரித்தார், பாவம், அந்தத் தம்பிக்கு மாத டார்கெட் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு மண்டபம் பேசிக் கொடுத்ததே நான்தான், அதனால் ரொம்ப உத்தமன் மாதிரி பேசவில்லை.

என் ஆதங்கம் கம்பெனிமேல் இல்லை. அவர்கள் தங்கள் வேலையைச் செய்கிறார்கள். அவர்களைத் தவிர வேறு யாருமே இந்தப் பையன்களின் ஃபோனுக்குள் வரவில்லையே என்பதுதான். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லிருந்து இருக்கிறது. கட்டடம் கட்டுகிறவர்களிடம் செலவில் 1 சதவீதம் நல நிதியாக வாங்குகிறார்கள். என் கடைக்கு வரும் பெயிண்டர்களில் பலர் வாரிய அட்டை வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகையும் வாங்கியிருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் வாரியத்திலிருந்து ஒரு தொழில் பாடம் அவர்கள் ஃபோனுக்கு வந்து நான் பார்த்ததில்லை. கம்பெனிக்காரர்கள் செய்து காட்டிவிட்டார்கள்: சின்ன வீடியோ, பேச்சுத் தமிழ், முடித்தால் ஏதோ ஒரு சின்ன வெகுமதி. இந்த வித்தையை வாரியமும் ஐடிஐகளும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வதில் என்ன வெட்கம்? எந்தக் கம்பெனிப் பெயரும் இல்லாமல், பட்டியைப் பட்டி என்று மட்டும் சொல்லி ஒரு நாற்பது வீடியோ போடட்டும். சான்றிதழ் கொடுப்பதானால், ஒரு சுவரைக் கொடுத்து அடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, அவன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுக் கொடுக்கட்டும்.

அடுத்த மாதம் இன்னொரு கம்பெனி மீட் வைக்கிறது. மண்டபம், பிரியாணி எல்லாம் வழக்கம்போல என் பொறுப்பு. இந்தத் தடவை சாப்பாட்டுக்கு முன்னால் பழைய பெயிண்ட் சுரண்டுவதைப் பற்றி நானே பத்து நிமிஷம் பேசிக்கொள்கிறேன் என்று பிரதிநிதியிடம் கேட்டேன். “மேலே கேட்டுட்டுச் சொல்றேன் அண்ணாச்சி” என்றிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை. வராவிட்டால் பந்தியில் வைத்துச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பெயிண்ட் கடைக்காரர்,
கோவில்பட்டி.