காஸ்ட்கோ ஃபுட் கோர்ட்டில் கார்டு கேட்டால் கொதிக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் வாழும் தமிழ் நண்பர்களே, வணக்கம்.

சனிக்கிழமை மதியம், ஆண்டுக் கட்டணம் கட்டிய உறுப்பினர்களுக்கான மொத்தக் கடையான காஸ்ட்கோவின் வாசலில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி வரும் நம்மவர்கள் அனைவருக்கும்தான் இந்த மடல். குறிப்பாக, "ஒன்றரை டாலர் ஹாட் டாகுக்குக் கூட கார்டா? என்ன அநியாயம்!" என்று வாட்சப் குழுக்களில் பொருமுகிறவர்களுக்கு. உங்கள் கோபத்தில் பாதி தப்பு. மீதிப் பாதியில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதைத் தப்பான ஆளிடம் கொட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில், கடையின் ஃபுட் கோர்ட்டில் வாங்கவும் உறுப்பினர் கார்டு வேண்டும் என்ற விதி. இது திடீரென்று முளைத்ததல்ல. 2020 மார்ச்சிலேயே ஃபுட் கோர்ட்டில் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று ஒரு அறிவிப்பு வந்தது. பிறகு பல கிளைகளில் அதைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டார்கள். கலிஃபோர்னியா மாதிரி வெயில் ஊர்களில் ஃபுட் கோர்ட் பெரும்பாலும் கட்டடத்துக்கு வெளியே இருக்கும். வாசலில் கார்டு பார்க்கும் ஆளைத் தாண்டவே வேண்டாம். தெருவில் போகிறவர் நேராக வந்து பீட்சா வாங்கிக்கொண்டு போகலாம். 2024-இல்தான் பிடி இறுகியது. ஏப்ரல் 8 முதல் நடப்பு உறுப்பினர் கார்டு இருந்தால்தான் ஃபுட் கோர்ட்டில் வாங்க முடியும் என்று பலகை வைத்தார்கள். அதே ஆண்டு கடை வாசலிலும் கார்டை ஸ்கேன் செய்யும் கருவிகள் வந்தன. அதுவரை பர்ஸைத் திறந்து தூரத்திலிருந்து காட்டிவிட்டு நுழைந்த கூட்டம் (அதில் யார் யார் என்று நமக்குத் தெரியும்) அன்றைக்கு முழித்தது.

"ஹாட் டாக்தானே, காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் வாதம். அந்தக் காசு எவ்வளவு? 1985-இல் கால் பவுண்டு ஹாட் டாகும் ஒரு சோடாவும் சேர்த்து ஒன்றரை டாலர். இன்றைக்கும் அதே ஒன்றரை டாலர். விலைவாசியைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் அன்றைய ஒன்றரை டாலர் இன்றைக்கு நாலு டாலருக்கு மேல் வரும். கடையின் நிறுவனர்களில் ஒருவரான ஜிம் சினிகலிடம், பின்னால் தலைமைப் பொறுப்புக்கு வந்த கிரெய்க் ஜெலினெக் ஒருமுறை போய், இந்த விலைக்குக் கட்டுப்படியாகவில்லை என்றாராம். விலையை ஏற்றினால் கொன்றுவிடுவேன், வழியைக் கண்டுபிடி என்று சினிகல் கெட்ட வார்த்தை சேர்த்துத் திட்டி அனுப்பினாராம். சொன்னவர் ஜெலினெக்கே. கண்டுபிடித்த வழி, வெளியாரிடம் வாங்குவதை விட்டுவிட்டுத் தாங்களே ஹாட் டாக் தயாரிப்பது. கலிஃபோர்னியாவின் ட்ரேசியிலும் இல்லினாயின் மோரிஸிலும் அதற்கு ஆலைகள் இருக்கின்றன.

ஆலை வைத்தாலும் அந்த விலையில் பெரிய லாபம் வந்துவிடாது. அந்தக் குறையை நிரப்புவது நம் ஆண்டுக் கட்டணம். இந்த வியாபாரத்தின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. 1976-இல் சான் டியேகோவில் சால் பிரைஸ் என்பவர் ஒரு பழைய விமானக் கொட்டகையில் 'பிரைஸ் கிளப்' ஆரம்பித்தார். முதலில் சிறு வியாபாரிகளுக்கு மட்டும். ஆண்டுக்கு 25 டாலர் கட்டினால் மொத்த விலையில் சரக்கு. அவருடைய முந்தைய கடையில் மெத்தை இறக்கிப் போடும் பையனாக வேலைக்குச் சேர்ந்தவர்தான் சினிகல். 1983-இல் அவரும் ஜெஃப் பிராட்மேனும் சியாட்டிலில் காஸ்ட்கோவைத் திறந்தார்கள். 1993-இல் இரண்டு நிறுவனங்களும் ஒன்றாயின. இதே மாதிரிப் போட்டிக் கடையான சாம்ஸ் கிளப்பைத் தொடங்கிய வால்மார்ட்டின் சாம் வால்டனும் சால் பிரைஸைப் பார்த்துக் கற்றவர்தான்.

பொருளின் மேல் வைக்கும் லாபத்துக்கு இவர்களே ஒரு வரம்பு போட்டிருக்கிறார்கள்: வெளி பிராண்டுகளுக்கு 14 சதவீதம், சொந்த கிர்க்லண்ட் சரக்குக்கு 15. சாதாரண சூப்பர் மார்க்கெட்டில் முப்பதாயிரம் வகைப் பொருள் இருந்தால் இங்கே நாலாயிரம் சொச்சம்தான். அப்படியானால் லாபம் எங்கிருந்து? 2024 நிதியாண்டில் உறுப்பினர் கட்டணமாக மட்டும் வந்தது 4.8 பில்லியன் டாலர். அந்த ஆண்டின் நிகர லாபம் 7.4 பில்லியனை ஒட்டி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 4.99 டாலருக்குக் கிடைக்கும் முழுக் கோழியும் ஒன்றரை டாலர் ஹாட் டாகும் கடை போடும் தர்மம் அல்ல. நானும் நீங்களும் வருடத்துக்கு 65 டாலரோ 130 டாலரோ கட்டுகிறோமே, அதற்குள் அடங்கியவை. 2024 செப்டம்பர் 1-ஆம் தேதி கட்டணத்தை 60-இலிருந்து 65 ஆக்கியபோது நம் குழுக்களில் எழுந்த முணுமுணுப்பு ஞாபகம் இருக்கிறதா? கட்டணம் ஏறினால் கத்துவோம், கட்டாதவர் வந்து சாப்பிட்டால் பெருந்தன்மை காட்டச் சொல்வோம். இரண்டும் ஒரே வாயிலிருந்து வரக் கூடாது.

அதைவிட எனக்குப் பொறுக்காதது, கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளிடம் வாக்குவாதம் பண்ணுவது. மதியம் பன்னிரண்டரை மணிக்கு அந்த ஜன்னலுக்குப் பின்னால் பாருங்கள். ஒரு பெண் ஹாட் டாகை வெள்ளித் தாளில் சுற்றிச் சுற்றி வெப்பப் பெட்டிக்குள் தள்ளிக்கொண்டே இருப்பாள். பக்கத்தில் ஒருவன் பீட்சா மாவில் சாஸ் தடவிக்கொண்டிருப்பான். வெளியே ரசீதைப் பிடித்துக்கொண்டு இருபது பேர், தங்கள் எண் எப்போது வரும் என்று. விதியை எழுதியவர்கள் வாஷிங்டன் மாநிலத்தின் இசக்குவா தலைமையகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்யாணத்தில் மொய் எழுதாமல் சாப்பிட்டால்கூடப் போகிறது, பந்தி பரிமாறுகிறவனிடம் சண்டைக்குப் போவானா ஒருவன்?

கார்டு இரவல் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "உன் கார்டைக் கொடு மச்சான், டயர் மட்டும் மாத்திட்டு வந்துடறேன்" என்று கேட்காதீர்கள். கார்டின் பின்பக்கம் படம் இருக்கிறது. அழிந்துபோன கறுப்பு வெள்ளையில், தேடப்படும் குற்றவாளி மாதிரி இருந்தாலும் அது நம் முகம். இப்போது வாசலில் ஸ்கேன் செய்ததும் அந்தப் படம் அவர்கள் திரையில் வந்துவிடுகிறது. மாட்டிக்கொண்டு நெளிவது நீங்கள், கார்டை இழப்பது நான். அவ்வளவு அவசியம் என்றால் நியாயமான வழி இருக்கிறது: உறுப்பினர் ஒருவர் காஸ்ட்கோ ஷாப் கார்டில் பணம் போட்டுக் கொடுத்தால் உறுப்பினர் அல்லாதவரும் அதைக் காட்டிக் கடைக்குள் வாங்கலாம். மருந்தகத்துக்கு உறுப்பினராக இருக்கவே வேண்டாம். சில மாநிலங்களில் மது வாங்கவும் வேண்டாம், சட்டமே அப்படி. (இந்த ஒரு விதி மட்டும் நம்மில் பலருக்கு மனப்பாடம்.)

சரி, இத்தனை நேரம் கடையின் கட்சி பேசினேன். இனி உங்கள் கட்சி.

ஊரிலிருந்து அம்மா அப்பா ஆறு மாத விசாவில் வருகிறார்கள். வந்த வாரமே காஸ்ட்கோ. அப்பா தள்ளுவண்டியின் அகலத்தைப் பார்த்து வாயடைத்துப்போவார், பிறகு ஒவ்வொரு விலையையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்து அம்மாவிடம் அறிவிப்பார். அம்மா சாம்பிள் மேசைப் பக்கம் போகக் கூச்சப்பட்டுத் தள்ளி நின்று, மருமகள் எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். ஊருக்குத் திரும்பும்போது எந்தப் பெட்டியில் எத்தனை பாதாம் பாக்கெட், எத்தனை வைட்டமின் டப்பா என்ற 23 கிலோ கணக்கும் அங்கேயே தொடங்கிவிடும். சிமெண்டுத் தரையில் ஒரு மணி நேரம் நடந்த பிறகு முழங்கால் பிடித்துக்கொள்ளும். பில் போடும் வரிசையோ பால் பகுதி வரை நீண்டிருக்கும். "நீங்க போய் உக்காருங்க, நாங்க பில் போட்டுட்டு வர்றோம்" என்று ஃபுட் கோர்ட் மேசைக்கு அனுப்பிவைப்போம்.

உட்கார்ந்தவர் என்ன வாங்க முடியும்? விதிப்படி ஒன்றும் இல்லை. ஒரு கார்டுக்கு இரண்டு விருந்தாளிகளை உள்ளே அழைத்து வரலாம், ஆனால் உறுப்பினர்தான் வாங்க வேண்டும். கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் இன்னொரு கார்டும் ஒரே முகவரியில் வசிக்கும் ஒருவருக்கு மட்டும். நம் வீடுகளில் அது கணவனுக்கோ மனைவிக்கோ போய்விட்டிருக்கும். ஆகவே நாற்பது வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், சட்டைப் பையில் இருபது டாலர் நோட்டு இருந்தும், மனைவிக்கு ஒரு ஐஸ்க்ரீம் வாங்கித் தர மகன் வரும்வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டும். கடைக்கு இதில் ஒரு காசு மிச்சமா? இந்தப் பெற்றோர் தெருவில் போகிறவர்கள் இல்லை. கட்டணம் கட்டிய வீட்டில் தங்கி, அந்த வீட்டு வண்டியை நிரப்ப உதவுகிறவர்கள்.

அதனால் நாம் கேட்க வேண்டியது இதுதான்: ஒரே முகவரியில் தங்கியிருக்கும் பெற்றோருக்கு ஆறு மாதத் தற்காலிகக் கார்டு. இலவசமாக வேண்டாம், பத்தோ இருபதோ டாலர் வாங்கிக்கொள்ளட்டும். குறைந்தபட்சம், உறுப்பினரோடு வந்த விருந்தாளி ஃபுட் கோர்ட்டில் மட்டுமாவது தன் காசில் வாங்க வழி செய்யட்டும். "இதற்கு எதற்கு மடல்? அப்பா பேரில் ஒரு மெம்பர்ஷிப் எடுத்து, ஊருக்குக் கிளம்பும்போது திருப்தியில்லை என்று சொல்லி முழுப் பணத்தையும் திருப்பி வாங்கிவிடலாமே" என்று யோசனை சொல்லும் மேதாவிகள் நம்மிடையே உண்டு. பணம் திருப்பித் தருகிறேன் என்பது அவர்கள் தரும் உத்தரவாதம், உண்மைதான். அதை இப்படிப் பயன்படுத்தினால் அடுத்த பலகை எதைப் பற்றி வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சாப்பாடு. ஹாட் டாக் முழுக்க மாட்டிறைச்சி. சிக்கன் பேக் என்ற சுட்ட ரொட்டிச் சுருளில் கோழி. பெப்பரோனி பீட்சாவைச் சொல்லவே வேண்டாம். சுடச்சுட வேண்டும், சைவமாகவும் வேண்டும் என்றால் 1.99 டாலர் சீஸ் பீட்சா; அதை விட்டால் அதே சீஸ் பீட்சா, முழுசாக 9.95-க்கு. முட்டை சேர்க்காதவருக்கு இனிப்பிலும் குக்கி போய்விடும். சுரோஸ் என்ற நீளமான இனிப்புப் பண்டம் இருந்தவரை அம்மாக்களுக்கு அது ஒரு துணை. அதையும் 2024 தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். சைவத்திலும் பால் சேர்க்காதவருக்கு அந்தப் பட்டியலில் சூடாக என்ன இருக்கிறது என்று விரல் விட்டு எண்ண விரலே தேவையில்லை.

இதை மாற்ற முடியாது என்று சொன்னால் நம்ப மாட்டேன். இங்கிலாந்துக் கிளைகளில் சுட்ட உருளைக்கிழங்கு விற்கிறார்கள், கனடாவில் உருளை வறுவல் உண்டு. நாட்டுக்கு நாடு வாய்க்கு ஏற்றபடி மாற்றத் தெரிந்தவர்கள்தான். அமெரிக்காவிலேயே 2018-இல் போலிஷ் சாசேஜை எடுத்துவிட்டு, தாவரப் புரதம் போட்ட சாலட் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சாசேஜ் ரசிகர்கள் ஊரைக் கூட்டி ஒப்பாரி வைத்தார்கள். அந்த சாலட் பின்னர் சத்தமில்லாமல் காணாமல் போனபோது நம்மில் யாராவது ஒரு வரி எழுதினோமா? 2013-இல் கோக்கை எடுத்துவிட்டு பெப்சி வைத்தவர்கள், 2025-இல் பெப்சியை எடுத்துவிட்டு மறுபடி கோக் வைத்தார்கள். குழாயையே மாற்றுகிறவர்களுக்கு ஒரு பீன்ஸ் புரிட்டோ பெரிய காரியமா? தோசையா கேட்கிறோம்!

இதையெல்லாம் எங்கே கேட்பது? ஃபுட் கோர்ட் கவுண்டரில் கேட்காதீர்கள். கடைக்குள் உறுப்பினர் சேவை மேசை ஒன்று இருக்கிறது, அங்கே கேளுங்கள். வலைதளத்தில் வாடிக்கையாளர் சேவைப் பக்கத்திலும் எழுதலாம். எழுதும்போது ஊர்க் கதை எல்லாம் வேண்டாம், இரண்டே கோரிக்கை: வந்து தங்கும் பெற்றோருக்குத் தற்காலிகக் கார்டு, சூடாக ஒரு சைவப் பண்டம். கட்டணம் கட்டும் உறுப்பினர் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன், 65 டாலர் கட்டும் கோல்டு ஸ்டார் உறுப்பினர்

பி.கு.: செல்போன் செயலியிலும் உறுப்பினர் கார்டு வந்துவிட்டது. "கார்டு வீட்டுல இருக்குங்க" என்ற கதை இனி எந்தக் கவுண்டரிலும் எடுபடாது.