டிரைவர் இருக்கிறது, பட்டியலில் எண் இல்லை

ஐயா,

பழைய கணினியை எறியாமல் லினக்ஸ் போட்டு ஓட்டலாம் என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். சரிதான், ஆனால் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று: புதிய பதிப்பு பழைய அட்டையைக் கைவிட்டிருக்கலாம்.

என்னிடம் எல்எஸ்ஐ நிறுவனத்தின் சாஸ்2008 சிப் கொண்ட டிஸ்க் கன்ட்ரோலர் அட்டை (டிஸ்க்குகளைக் கணினியோடு இணைப்பது) இருக்கிறது. என் லினக்ஸின் புதிய பதிப்புக்கு மாறியதும் ரூட் டிஸ்க் (இயங்குதளம் இருக்கும் டிஸ்க்) காணவில்லை என்று கருப்புத் திரையில் நின்றுவிட்டது. கேபிளைத்தான் சந்தேகப்பட்டேன். இரண்டு இரவு கழற்றி மாட்டியதில் விரல் கிழிந்ததுதான் மிச்சம்.

அப்புறம் வேறொரு லினக்ஸை பென் டிரைவிலிருந்து ஏற்றினேன். நான்கு டிஸ்க்கும் பளிச்சென்று தெரிந்தன! அட்டையின் பிசிஐ எண், அதாவது அதன் தயாரிப்பாளரையும் மாடலையும் காட்டும் அடையாள எண், 1000:0072. இதை இயக்குவது எம்பிடி3சாஸ் என்ற டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்). 2016இல் வந்த லினக்ஸின் மையமான கெர்னலின் 4.4 பதிப்பிலேயே, பழைய எம்பிடி2சாஸ் டிரைவர் இதற்குள் சேர்ந்துவிட்டது. புதிய பதிப்பிலும் அந்த டிரைவர் இருந்தது. டிரைவரின் விவரம் காட்டும் மோடுஇன்ஃபோ கட்டளையால் அது ஏற்கும் எண்களை வரிசையாகப் பார்த்தால், 0072 இல்லை. பழைய அட்டை என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். எண்ணைச் சேர்த்து டிரைவரை மூல நிரலிலிருந்து தொகுத்து (கம்பைல் செய்து), கணினி எழும்போது முதலில் ஏற்றப்படும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பையும் புதுப்பித்தேன், கணினி எழுந்துவிட்டது. நானே தொகுத்த டிரைவரில் கையொப்பம் இல்லாததால், அத்தகையதை ஏற்றவிடாத செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதியை அணைக்க வேண்டியிருந்தது, அது தனி எரிச்சல்.

நீக்கிய எண்கள் புதிய பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பில் இருந்தன, நான்தான் படிக்கவில்லை. மேம்படுத்தும் முன் அட்டையின் எண்ணைக் குறித்துக்கொண்டு அந்தக் குறிப்போடு ஒப்பிடச் சொல்லி அடுத்த கட்டுரையில் ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
விரலில் பிளாஸ்திரியுடன் ஒரு வாசகர்