இதயமும் நரம்பும் திரையில் இயங்கத் துணைநின்றோர்க்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

செவிலியர் படிப்பிலும் மருத்துவம் சார்ந்த பிற படிப்புகளிலும் சேரும் வடசென்னைப் பிள்ளைகள் இணையவழியே உடலியங்கியல் கற்பதற்காக நாங்கள் உருவாக்கிவரும் சிமுலேஷன் கருவிகளில், இதயம், நரம்பு ஆகிய இரண்டும் நிறைவடைந்து தமிழ் விளக்கங்களுடன் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. அவை வெறும் அசையும் படங்களாக நின்றுவிடாமல், உள்ளே கணக்கு ஓடும் கருவிகளாக அமையக் காரணமானவர்களுக்கு நன்றி கூறவே இம்மடல்.

முதல் நன்றி, மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்து ஓய்வுபெற்று இராயபுரத்தில் வசிக்கும் பேராசிரியை அம்மாவுக்கு. இதயம் நிமிடத்துக்கு 72 துடிப்பு, துடிப்புக்கு 70 மில்லிலிட்டர், ஆக ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது என்ற கணக்கு எல்லாப் பாடநூலிலும் உண்டு. அந்தப் பெருக்கலை மட்டும் நிரலில் எழுதினால், ஓய்வில் படுத்திருப்பவரின் துடிப்பை மாணவி 200-க்கு நகர்த்தும்போது திரை 14 லிட்டர் என்று கூசாமல் காட்டும். 75 துடிப்பில் இதயம் தளர்ந்து நிரம்ப அரை வினாடிக்குச் சற்று மேல் கிடைக்கிறது. 200 துடிப்பிலோ சுமார் 0.14 வினாடிதான். நிரம்ப நேரமில்லாத வெண்ட்ரிக்கிள் (இதயத்தின் கீழறை) 70 மில்லிலிட்டரை எங்கிருந்து தள்ளும் என்று தொடக்கத்திலேயே கேட்ட அவர், நிரம்பும் அளவுக்கேற்பச் சுருங்கும் விசை மாறும் ஃபிராங்க்-ஸ்டார்லிங் விதியும் தமனிச் சுவரின் நெகிழ்வும் சமன்பாடுகளில் இடம்பெறும்வரை ஒப்புதல் தரவில்லை. உடற்பயிற்சியின்போது வெளியேற்றம் உண்மையாகவே பல மடங்கு உயர்வதற்குப் இதயத்தை விரைவுபடுத்தும் பரிவு நரம்புகளும் சிரைவழித் திரும்பும் இரத்தமும் காரணமாதலால், அதற்குத் தனிப் பொத்தான் வைக்கச் சொன்னவரும் அவரே. அவருடைய கண்டிப்புக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது.

நரம்புக் கருவிக்கு, ஐ.சி.எஃப். இரயில் பெட்டித் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரம்பூர்ப் பொறியாளர் ஐயா பொறுப்பேற்றார். நரம்பில் மின்துடிப்பு எழும் விதத்தை விளக்கி ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற அறிவியலாளர்கள் 1952-இல் வெளியிட்ட சமன்பாடுகளை ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்கு எந்திரத்தைக் கொண்டு தீர்த்தார். இன்று மலிவான செல்போனே அதை நொடியில் செய்துவிடும். ஆயினும் கணக்கிடும் கால இடைவெளி பெரிதானால் மின்னழுத்த வரைகோடு தாறுமாறாகிவிடும் என்பதால், சமன்பாடுகளைச் சிறு சிறு கால இடைவெளிகளாகத் தீர்க்கும் ரங்கே-குட்டா முறையில் இடைவெளியைப் படிப்படியாகக் குறைத்து, விடை மாறாமல் நிற்கும் இடத்தை ஐயா கண்டறிந்து தந்தார். அச்சமன்பாடுகள் கணவாயின் பெருநரம்பில் அளந்து, 6.3 டிகிரி செல்சியஸுக்கு அமைக்கப்பட்டவை, மனித நரம்புக்குரியவை அல்ல என்ற குறிப்பு படத்தின் கீழேயே இருக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டின் பிள்ளைகளுக்குக் கணவாய் மீன் நன்கு தெரியும் என்பதால், அதை அறிமுகப்படுத்தும் வேலை மட்டும் எங்களுக்கு இல்லாமற்போயிற்று.

பழைய வண்ணாரப்பேட்டையில் செல்போன் பழுதுபார்க்கும் தம்பி, சோதனைக்காகப் பழைய கருவிகளைத் தம் கடையிலிருந்தே கொடுத்து உதவினார். ஒவ்வொரு சிமுலேஷனும் ஒரே கோப்பாக, ஒருமுறை இறக்கியபின் இணையமின்றியும் இயங்குவது அவருடைய யோசனையால்தான். விளக்கங்களைச் செப்பனிட்ட தண்டையார்பேட்டைத் தமிழாசிரியைக்கும், எண்ணுக்குப் பக்கத்தில் அலகு எப்போதும் தெரிய வேண்டும் என்று கேட்டு வாங்கிய செவிலிய மாணவியருக்கும் நன்றி.

அடுத்து, சிறுநீரகக் கருவியைத் தொடங்கியுள்ளோம். நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர் வீதம் நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகட்டப்பட்டும், சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவே என்பதை மாணவர்கள் தாமே மாற்றிப் பார்த்து அறியும்படி அது அமையும். அதையும் சரிபார்த்துத் தர அம்மா இசைந்துள்ளார். அதற்கும் சேர்த்தே எங்கள் நன்றி.

இப்படிக்கு,
கருவிகளை உருவாக்கிய குழுவினர்,
வடசென்னை